மறுவீட்டுப் பிற்பகலில் ஒரு வினாடி வினா: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தை மாத முகூர்த்தம். பெண் வீடு பாளையங்கோட்டை, மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். திருமணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மறுவீட்டு விருந்து. நெல்லைப் பக்கத்து வழக்கப்படி சொதிச் சாப்பாடு: தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். இதைச் சாப்பிட்ட கையோடு யாரும் ஊருக்குக் கிளம்ப முடியாது. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் மாலை ஐந்தரைக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. பந்தி முடிய இரண்டு மணி ஆகும். நடுவில் மூன்றரை மணி நேரம் இருந்தது.

நான் பெண்ணுக்குப் பெரியம்மா மகன். சென்னையில் வேலை. அறை நண்பர்களோடு வார இறுதிகளில் வினாடி வினா வீடியோ கேம் விளையாடிப் பழக்கம் உண்டு. இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் நடந்த இரண்டு மறுவீடுகளில் பெரியவர்கள் பாயில் சாய்ந்துவிட்டார்கள், இளையவர்கள் செல்போனில் மூழ்கிவிட்டார்கள். இரு வீட்டாரும் சாப்பாட்டைப் பாராட்டியதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. இந்த முறையாவது ஏதாவது செய்ய வேண்டும் என்று பெண்ணின் தம்பி கேட்டான். மாடி ஹாலில் 43 அங்குல டிவி இருந்தது. நான் ஒப்புக்கொண்டேன்.

ஏன் அந்த விளையாட்டு

தொலைக்காட்சி வினாடி வினாவை வீட்டுக்குள் கொண்டுவரும் முயற்சி பழையது. அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ 1988இல் நின்டென்டோ விளையாட்டாக வந்தபோது, விடையின் ஒவ்வோர் எழுத்தையும் திரையில் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1998இல் தொடங்கிய ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ 1999இல் கணினி விளையாட்டாகவும் வந்துவிட்டது. 2005இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ‘பஸ்!’ (நம் எழுத்தில் பேருந்து போலத் தெரிகிறது, அது பஸ்ஸர் ஒலி) எந்த ஒரு நிகழ்ச்சியின் நகலும் அல்ல. ஆனால் டிவி மேடையை அப்படியே போலச் செய்தது. நான்கு பேருக்கு நான்கு பஸ்ஸர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய சிவப்புப் பொத்தானும் நான்கு வண்ணப் பொத்தான்களும். 2014இல் ‘ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக்’ வந்தபின் தனிக் கருவியே தேவையில்லை என்றாயிற்று. திரையில் தெரியும் நான்கெழுத்துக் குறியீட்டைச் செல்போனில் அடித்தால் போனே பஸ்ஸர்.

நம் வீடுகளிலும் இந்த வடிவம் எல்லாருக்கும் தெரியும். 2000இல் தொடங்கிய இந்தி ‘கோன் பனேகா குரோர்பதி’யை மொழி புரியாமலே பார்த்தவர்கள் உண்டு. 2012இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யைக் குடும்பத்தோடு பார்த்து, போட்டியாளருக்கு முன்பே விடை சொல்லிப் பெருமைப்பட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். இந்தப் பழக்கம் போதும் என்று நினைத்தேன். டிவி முன்னால் உட்கார்ந்து விடை சொல்வதும் டிவிக்குள் போய் உட்கார்வதும் வேறு வேறு என்பது அப்போது எனக்குப் படவில்லை.

தேர்ந்தெடுத்தது டிவி வினாடி வினா பாணியில் செல்போனால் ஆடும் ஓர் ஆங்கில விளையாட்டு. அதன் பெயர் இங்கே தேவையில்லை. என் அறையில் அது பலமுறை நன்றாக நடந்திருக்கிறது.

ஒத்திகை

திருமணத்துக்கு முந்தைய இரவு நான்கு பேரை வைத்து ஆடிப் பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லை. ஆடியவர்கள் நால்வரும் முப்பது வயதுக்குக் கீழே. நால்வரும் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நால்வருக்கும் ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஒத்திகை என்று நான் நடத்தியது என் சென்னை அறையைப் பாளையங்கோட்டைக்கு இடம் மாற்றியதுதான்.

முதல் ஆட்டம்: கண்டவை

பிற்பகல் 2:40. ஹாலில் 38 பேர். விளையாட்டில் எட்டுப் பேர்தான் சேர முடியும். பெண் வீட்டில் நால்வர், மாப்பிள்ளை வீட்டில் நால்வர் என்று பிரித்தேன். மாப்பிள்ளை வீட்டின் நான்காவது ஆளாக அவருடைய பெரியப்பாவை உட்கார வைத்தார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சுற்று வட்டாரத்தில் அவரிடம் படிக்காத வீடு குறைவு. “அண்ணாச்சி இருக்கும்போது நமக்கு என்ன கவலை” என்று உறவினர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் தாமாக முன்வரவில்லை. இதைக் கவனித்திருக்க வேண்டியவன் நான்.

முதல் சிக்கல் வைஃபை. பெண் வீட்டு நால்வரின் போனிலும் வீட்டு வைஃபை ஏற்கெனவே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் செல்போன் டேட்டாவில் சேர்ந்தார்கள். கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஹாலில் டேட்டா சிக்னல் மந்தம். மூன்றாவது கேள்வியிலேயே மாப்பிள்ளையின் அத்தை சிரித்துக்கொண்டே, “வைஃபையும் பெண் வீட்டுச் சீர்தானா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேட்டவர் பாதி உண்மையாகத்தான் கேட்டார்.

இரண்டாவது, ஒலி. டிவியின் ஒலி போதாது என்று புளூடூத் ஸ்பீக்கரை இணைத்திருந்தேன். புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். படம் பார்க்கும்போது அது பெரிதாகத் தெரியாது. பஸ்ஸர் ஆட்டத்தில் அந்தச் சிறு பிந்தலே தோல்வி. திரையைப் படித்தவர்கள் முந்தினார்கள், காதால் கேட்டவர்கள் பிந்தினார்கள். எங்கள் ஹாலில் படித்தவர்கள் எல்லாரும் இளையவர்கள், கேட்டவர்கள் எல்லாரும் பெரியவர்கள்.

இங்கே ஒரு செய்தி பொருத்தமானது. ‘ஜெப்பர்டி’ நிகழ்ச்சியிலும் முன்பு கேள்வி வாசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸரை அழுத்தலாம். 1985இல் அதை மாற்றினார்கள். தொகுப்பாளர் வாசித்து முடிக்கும்வரை பஸ்ஸர் வேலை செய்யாது, அவசரப்பட்டு அழுத்துபவருக்குக் கால் நொடி பூட்டு. படிப்பவருக்கும் கேட்பவருக்கும் புறப்பாட்டுக் கோடு ஒன்றாயிற்று. நான் தேர்ந்தெடுத்த விளையாட்டில் கேள்வி திரையில் விழுந்த கணமே பஸ்ஸர் திறந்துவிடும்.

மூன்றாவதுதான் ஆட்டத்தை முடித்துவைத்தது. ஆறாவது கேள்வி, எவரெஸ்ட் உச்சியை மனிதர் முதலில் எட்டிய ஆண்டு. தலைமை ஆசிரியர் பஸ்ஸரை அழுத்தினார். அழுத்தியவர் திரையை நோக்கி நிமிர்ந்து, வகுப்பில் சொல்வது போலத் தெளிவாக, “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று” என்றார். ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. விடையும் சரி. ஆனால் விளையாட்டுக்கு அவர் வாய் தேவையில்லை, விரல்தான் தேவை. செல்போனில் நான்கு விடைகள் தெரியும், ஐந்து நொடிக்குள் ஒன்றைத் தொட வேண்டும். அவர் தூரப் பார்வைக் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து வாசிப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் நேரம் முடிந்தது. திரையில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பில் கழித்தல் குறி. பதிவு செய்யப்பட்ட தொகுப்பாளர் குரல் ஆங்கிலத்தில் ஏதோ கேலி சொல்லிச் சிரித்தது.

பிந்தி வந்த அந்தச் சிரிப்பு மட்டும் ஹாலில் தனியாகக் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. “வெற்றிலை போட்டுவிட்டு வருகிறேன்” என்று சொல்லி மாடிப்படியில் இறங்கினார். அவர் பின்னால் மாப்பிள்ளையின் அப்பாவும் எழுந்தார்.

எடுத்த முடிவுகள்

ஆட்டத்தை அங்கேயே நிறுத்தினேன். ஒன்பது நிமிடம்தான் ஓடியிருந்தது. நான்கு மணிக்கு வர வேண்டிய காபியையும் டீயையும் உடனே தரும்படி பெரியம்மாவிடம் கேட்டேன். இது யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். கையில் தம்ளர் இருந்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று பட்டது.

எளிய கேள்விகளோடு அதையே தொடரலாம் என்றான் பெண்ணின் தம்பி. நான் மறுத்தேன். கேள்வி கடினமாக இருந்ததால் யாரும் தோற்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு நடத்தலாம் என்றாள் ஒரு தங்கை. அதில் பாடக்கூடியவர் ஐந்து பேர், மற்றவர்கள் மறுபடியும் பார்வையாளர்கள். மீந்தது ‘ஃபேமிலி ஃப்யூட்’ வடிவம். 1976இல் அமெரிக்காவில் தொடங்கியது. முன்கூட்டியே 100 பேரிடம் கேட்டுவைத்த விடைகளை இரு குடும்பங்கள் ஊகிக்க வேண்டும், மூன்று முறை தவறினால் வாய்ப்பு எதிரணிக்குப் போகும். அதுவும் வீடியோ கேமாகப் பலமுறை வந்திருக்கிறது. ஆனால் அதன் கேள்விகள் அமெரிக்கருடைய அடுக்களையைப் பற்றியவை. எனவே வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயரிலேயே குடும்பப் பகை இருப்பதால் மறுவீட்டில் அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை.

அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை விளக்க வேண்டும். அதில் சரியான விடை என்று உலகத்தில் எங்கும் எழுதிவைக்கவில்லை. நம்மைப் போன்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதே விடை. அதனால் படித்தவர், படிக்காதவர் என்ற மேடு பள்ளம் கிடையாது. ஓர் ஊகம் தவறினால், “ஊர் அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். டிவி நிகழ்ச்சிக்கு வருபவர் விண்ணப்பித்து, தேர்வாகி, தோற்கவும் தயாராகத்தான் வருகிறார். மறுவீட்டுக்கு வருபவர் சாப்பிட வருகிறார்.

காபி நேரத்தில் இரண்டு பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றி 31 பேரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு எழுதினார்கள். நானும் தம்பியும் அவற்றை எண்ணி மடிக்கணினியில் பட்டியலாக்கினோம். விடைகளை மறைத்துவைத்து ஒவ்வொன்றாகத் திறக்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்யும் பவர்பாயிண்ட் போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் எழுதிய கேள்விகளில் ஒன்று, புது மருமகள் மாமியார் வீட்டில் செய்யும் முதல் தவறு என்ன என்பது. பெரியம்மா அதைப் பார்த்ததும் தாளையே கிழித்துக்கொண்டார். அவர் செய்தது சரி.

அணிகளை மாற்றினோம். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்பதை விட்டுவிட்டு, காபி குடிப்பவர்கள் ஓர் அணி, டீ குடிப்பவர்கள் ஓர் அணி. அந்த நேரம் கையிலேயே சான்று இருந்தது. மாப்பிள்ளை டீ, பெண் காபி. சம்பந்திகள் இருவரும் காபி. 38 பேரும் ஏதாவது ஓர் அணியில் இருந்தார்கள்.

பஸ்ஸருக்கு எவர்சில்வர் தட்டும் கரண்டியும். முதலில் பூஜை மணியை எடுத்து வந்தோம். ஆச்சி அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார்.

கடைசி முடிவு தலைமை ஆசிரியரைப் பற்றியது. அவரைத் தொகுப்பாளராக்கலாம் என்று தோன்றியது. நான் கீழே போய்க் கேட்டேன். “இல்லை தம்பி, நீங்கள் விளையாடுங்கள்” என்று மென்மையாக மறுத்துவிட்டார். நான் கேட்டதே தவறு. அவரைத் தோற்க வைத்தவன் வந்து பரிகாரம் தருவது போல இருந்திருக்கும். பிறகு பெண்ணின் அப்பா இறங்கிப் போனார். “சம்பந்தி, பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசிக்கத் தெரியவில்லை. நீங்கள் வந்து நான்கு கேள்வி வாசித்தால்தான் ஹால் அடங்கும்” என்றார். அவர் சமாதானம் பேசவில்லை, ஒரு வேலையைத்தான் கொடுத்தார். தலைமை ஆசிரியர் வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே படியேறினார்.

தொடர்ந்து நடந்தது

இரண்டாவது ஆட்டம் 3:35க்குத் தொடங்கியது.

முதல் கேள்வி என் தேர்வு: திருநெல்வேலிக்கு வந்தவர் ஊருக்குத் திரும்பும்போது கையில் என்ன கொண்டுபோவார்? 31 பேரில் 26 பேர் அல்வா என்று சொல்லியிருந்தார்கள். தட்டில் முதலில் தட்டியவர் அல்வா என்றார், கேள்வி அத்தோடு செத்தது. மிஞ்சிய ஐந்து பேரின் விடைகளை ஊகிக்க யாருக்கும் ஆர்வமில்லை. ஒரே விடையில் எல்லாரும் ஒன்றுபடும் கேள்வி இந்த வடிவத்துக்கு ஆகாது. விடைகள் நான்கைந்தாகச் சிதற வேண்டும், அவற்றில் ஒன்றாவது கேட்டவுடன் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். எண்ணும்போதே 26 என்ற எண் என் கண்ணில் பட்டிருந்தது. அவசரத்தில் விட்டுவிட்டேன்.

இரண்டாவது கேள்வி ஆட்டத்தைக் காப்பாற்றியது. கல்யாண வீட்டில் முதலில் காணாமல் போகும் பொருள் எது? செருப்பு, சாவி, கத்தரிக்கோல், சீப்பு, ஊக்கு, துண்டு என்று விடைகள் பரவியிருந்தன. காபி அணி இரண்டு முறை தவறவிட்டு நின்றபோது, கதவோரம் உட்கார்ந்திருந்த ஆச்சி, “ஊக்கு” என்றார். அதுவரை அவர் ஆட்டத்தில் இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை. ஆச்சி சொன்னதற்குத் திரையில் ஏழு பேர் இருந்தார்கள். அதற்குள் டீ அணியில் ஒருவர், தாளில் சிலர் ‘பின்’ என்று எழுதியிருப்பதாகவும் இரண்டையும் சேர்த்து எண்ணக் கூடாது என்றும் வழக்குத் தொடுத்தார். தலைமை ஆசிரியர் கையை உயர்த்தி ஹாலை அடக்கினார். “ஊக்கும் பின்னும் ஒன்றே. வழக்கு தள்ளுபடி” என்றார். அந்தத் தீர்ப்புக்கு அன்று கிடைத்த கைதட்டல் வேறெதற்கும் கிடைக்கவில்லை.

வீடியோ கேமின் தொகுப்பாளர் குரலால் செய்ய முடியாதது இதுதான். எத்தனை ஆயிரம் வாக்கியங்கள் பதிந்து வைத்தாலும், அந்த ஹாலில் அந்த நிமிடத்தில் எழுந்த வழக்கை அது தீர்க்க முடியாது. யாரைக் கேலி செய்யலாம், யாரைச் செய்யக் கூடாது என்பதும் அதற்குத் தெரியாது. தலைமை ஆசிரியர் மாப்பிள்ளையை இரண்டு முறை கேலி செய்தார். பெண்ணை ஒருமுறைகூடச் செய்யவில்லை.

ஐந்து கேள்விகளுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. டீ அணி ஏழு புள்ளியில் வென்றது. வேன் ஐந்தரைக்குப் பதில் ஆறேகாலுக்குக் கிளம்பியது.

குறைகளும் இருந்தன. நான்காவது கேள்வியின்போது, சமையலறையிலிருந்து வந்த சித்தி ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “எங்களிடம் யாரும் கேட்கவே இல்லையே” என்றார். உண்மை. நோட்டுப் புத்தகம் மாடியில் மட்டும்தான் சுற்றியது. பாத்திரம் ஒழித்துப்போட்டுக்கொண்டிருந்த ஆறு பெண்கள் அந்த 31 பேரில் இல்லை. அவர்களிடம் கேட்டிருந்தால் காணாமல் போகும் பொருளாகக் கரண்டிதான் முதலில் வந்திருக்கும் என்று அவரே சொன்னார். அப்போது அந்தக் கரண்டி எங்கள் பஸ்ஸர் மேசையில் கிடந்தது.

பெண் அதிகம் பேசவில்லை. மறுவீட்டில் மணப்பெண் பேசாதது வழக்கம்தான் என்று விட்டுவிட்டோம். ஆனால் அவள்தான் எங்கள் வீட்டில் இந்த ஆட்டங்களில் கெட்டிக்காரி.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பழைய விளையாட்டை நிறுத்தியதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். நான்கரைக்கு மேல் அவனும் ஏழு பேரும் கீழறை டிவியில், வைஃபை கடவுச்சொல்லோடு, ஸ்பீக்கர் இல்லாமல், அதே ஆங்கில விளையாட்டை ஆடினார்கள். அந்தத் தொகுப்பாளர் கேலி செய்தபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாற்ற வேண்டியவை

ஐப்பசியில் தலைத் தீபாவளி. மாப்பிள்ளை வீட்டாரில் சிலரும் வருவதாக இருந்தது. அதற்காக முன்கூட்டியே சிலவற்றை முடிவு செய்தோம்.

ஒலியைக் கம்பி வழியாகவே தருவது, டிவியில் கேம் மோட் போடுவது. சாதாரண நிலையில் டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது குறைக்கும். வைஃபை கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் வாசலில் ஒட்டுவது. கருத்துக் கேட்பதைச் சமையலறையில் தொடங்குவது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவராவது இல்லாமல் ஒத்திகை பார்ப்பதில்லை.

‘மில்லியனர்’ வடிவத்தையும் ஒருமுறை முயல நினைத்தோம், கடிகாரம் இல்லாமல். பிரிட்டனில் தொடங்கியபோது அதில் நேரக் கட்டுப்பாடே கிடையாது. போட்டியாளர் வாய்விட்டு யோசிப்பதுதான் சுவையாக இருந்தது. நண்பருக்குப் போன் செய்யும் உதவி அதில் உண்டு. அம்பாசமுத்திரத்தில் தங்கிவிட்டவர்களை அப்படிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. கழித்தல் மதிப்பெண் எந்த வடிவத்திலும் வேண்டாம் என்று தீர்மானித்தோம். பெண்ணின் தம்பிக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. பயம் இல்லாவிட்டால் விளையாட்டில் என்ன இருக்கிறது என்கிறான். அவன் சொல்வதிலும் பொருள் உண்டு. கீழறையில் ஆடிய எட்டுப் பேருக்கு அந்தச் சிவப்புக் குறிதான் பாதி இன்பம்.

புரட்டாசிக் கடைசியில் மாப்பிள்ளை ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பெரியப்பா கொடுத்தனுப்பிய நாற்பது பக்க நோட்டு. சீரான கையெழுத்தில் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே விடை எழுத இடம், ஓரத்தில் எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்ற குறிப்பு. ஊக்கையும் பின்னையும் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே விதி. அதற்குக் கீழே முதல் கேள்வி: திருநெல்வேலியிலிருந்து ஊருக்குக் கொண்டுபோவது என்ன? (அல்வா நீங்கலாக.)